அனுமதி இலவசம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஆறு நாள். நேற்றுத்தான் இரண்டு மடக்குப் பால் உள்ளே இறங்கியது. பாப்பா உங்களைப் படுத்துகிறாளா? தலை வார விடமாட்டாள். மிரட்டாமல் கதை சொல்லிக்கொண்டே வாரிவிடுங்கள்.

இங்கே ஒரு தொல்லை. துணைக்கு இருப்பவர்களைப் பதினொரு மணிக்கே வார்டை விட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். முதல் மூன்று நாள் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அது தெரிந்ததும் இவருக்கு ஒரே கோபம். பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நகரத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்கள், மொத்தம் பதினாலு. அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஏரிக்கரை. போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்" என்கிறார்.

நேற்று பழைய கோர்ட் கட்டடம். "எத்தன வெளக்கு? ஒயர் வெளிய தெரியுதா?" என்று கேட்டார். வயர்மேன் புத்தி எங்கே போகும்! எண்ணவில்லை என்றதும், "அப்புறம் என்னத்தப் பாத்தே போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அன்புடன்,
சிட்டு


ஜூன் 11

சிட்டுவுக்கு,

பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அம்மா வந்து பார்க்க வேண்டுமாம். தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது, கேட்டுவிடுகிறேன். நம் தெரு மருந்துக்கடைக்காரர் சரக்கு எடுக்க அங்கே வந்தாராம். ஏரிக்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாயாம். கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாய் போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இங்கே பட்டன் தைக்க உட்கார்ந்தால் ஊசி துணியில் ஏறாமல் விரலில் ஏறுகிறது. உனக்கு மட்டும் ஊர் சுற்றிப் பார்க்க எப்படி மனசு வருகிறது?

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

சிரித்தது உண்மைதான். ஏரியிலிருந்து ஒரு வாத்து ஏறி வந்து, பெரியவர் ஒருவரின் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவரும் விடவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துரத்தினார். சாயங்காலம் இவரிடம் அதை நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உள்ள பரவிடுச்சும்மா. வீட்டாளுங்கள வந்து பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். இவரிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். இவர் முன்னால் கண் கலங்கக் கூடாது. பதினொன்றிலிருந்து நாலு வரைதான் எனக்கு அழ நேரம். இந்த ஊரில் அதற்கும் யாரும் காசு கேட்பதில்லை.

பாப்பாவை அழைத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

சிட்டு


ஜூலை 9

அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் என் அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. உங்கள் தம்பியை வாசலில் கிடத்தியிருந்தபோது, அத்தனை பேர் முன்னால், "அவன் உசிரு போகும்போது நீ எங்கடி போயிருந்தே?" என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

மியூசியத்தில் இருந்தேன். மாடியில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள். அவர் கேட்பாரே என்று விளக்குகளை எண்ணினேன். நாற்பத்தேழு. அதில் இரண்டு எரியவில்லை. ஒயர் வெளியே தெரியவில்லை. மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

நாலு மணிக்கு வார்டுக்குள் போனால் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டரைக்கே போயிட்டாரும்மா. உங்கள எங்கன்னு தேடுறது?" என்றார் நர்ஸ். பக்கத்துப் படுக்கைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அங்கேதான் இருந்தேன், அக்கா.

சிட்டு


ஜூலை 20

சிட்டு,

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ உடனே வரச் சொல்லி எழுதியதும், அவனிடமிருந்து ஒரு கடிதமும் ஒரே தபாலில் வந்தன. பாப்பாவுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மறுநாள் செய்தி வந்துவிட்டது.

அவன் கடிதம் பக்கத்துப் படுக்கைக்காரர் கையெழுத்தில் இருந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "அக்கா, டாக்டர் எங்கிட்டயும் சொல்லிட்டாரு. அவளுக்கும் தெரியும், காட்டிக்க மாட்டேங்குறா. நாள் பூரா எம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தா அவ தாங்க மாட்டா. நாந்தான் வெளிய அனுப்புறேன். அவளத் திட்டிடாத."

இதைப் படித்த பிறகுதான் உன்னை அப்படிக் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். கடைசியாக அவன் பேசியதெல்லாம் உன்னோடு. எனக்கென்று வந்தது இந்த ஒரு தாள், அதிலும் உன் பேச்சுத்தான். அந்த எரிச்சல், வேறொன்றுமில்லை. பாவி நான்.

ஒரு தடவை வந்து என்னை நன்றாகத் திட்டிவிட்டாவது போ.

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தாளை நீங்கள் அன்றே என் கையில் கொடுத்திருந்தால், இத்தனை நாள் நான் என்னையே தின்றிருக்க மாட்டேன்.

பாப்பா தூக்கத்தில்கூட அத்தை, அத்தை என்று முனகுகிறாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணன் அழைத்து வருவார். ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள். அவள் திரும்பும்போது உங்கள் தம்பியின் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்கு அது வேண்டும்.

நான் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்விதான் காதில் விழும். அது நின்ற பிறகு வருகிறேன். எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.

சிட்டு