பத்தொன்பது வளையம்

நேற்று உறுதியான செய்தி இது. சொன்னவர், சென்னையிலிருந்து சேலம் வந்திருந்த பூச்சியியல் ஆய்வாளர். பங்குனியில் நீங்கள் கண்மூடியபோது விட்டுப்போன இரண்டு புட்டிகளிலும் இருக்கும் மரவட்டைகள் தட்டை முதுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பர்மா, ஜாவா என்று எங்கும் பரவிய குடும்பமாம். அதில் உங்கள் கணிப்பு சரி. இரண்டாவது புட்டியிலுள்ள சிறியவற்றைப் பற்றிய கணிப்பு சரியில்லை.

அதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து யோசிக்கிறேன். புட்டியைத் திறந்தால் ஸ்பிரிட் வாடைதான் வருகிறது. எருமப்பட்டிக் கடலைக்காட்டில் நாம் உயிரோடு எடுக்கும்போது விரலில் ஒட்டுமே, அந்தக் கசப்பு வாதுமை வாசம் இல்லை.

டிராயிங் வாத்தியாரானாலும் நீங்கள் ராசிபுரத்து நெசவு வீட்டுக்காரர். சேலையில் இழை எண்ணும் கண்ணாடியால்தான் மரவட்டையின் வளையங்களை எண்ணினீர்கள். மரவட்டையை ரயில் என்று சொல்லிக் காட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, இன்னிக்கி ரயிலுக்கு எத்தன பொட்டிங்க?"

"இருவதுங்க. நீங்க ஏறுனா இருவத்தொண்ணு."

ஒரு மழைநாளில் உங்கள் மகள் பாவாயி சிறியது ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். "இதுக்கு ஒரு பொட்டி கம்மிங்கப்பா." எண்ணினீர்கள். பத்தொன்பது. "அட, ஆமா சாமி" என்றீர்கள்.

அடுத்த கோடையில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அதன்பின் பத்தொன்பது வளையம் உள்ளவற்றைத் தனி இனம் என்று வேறு புட்டியில் சேர்த்தீர்கள். "புதுசா இருந்தா பேரு வெக்கலாமுங்களாமா? எம்புள்ள பேர வெக்கச் சொல்லணுங்க." என்னிடம் நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆய்வாளரிடம் அப்படியே சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவை தனி இனமில்லை. பெரியவற்றின் குஞ்சுகள். கடைசியாகத் தோல் உரித்த பிறகுதான் இருபதாவது வளையம் வரும்" என்றார்.

வளர்ந்து முடியாதவை.

அவர் தொடர்ந்தார். "பெரியது நான் பார்க்காத இனம்போல் இருக்கிறது. ஆனால் ஆண் வேண்டும். ஆணுக்கு ஏழாம் வளையத்தில் கால் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு உறுப்பு இருக்கும். அதன் வடிவத்தை வைத்துத்தான் இனத்தைச் சொல்ல முடியும். இத்தனையில் ஒரு ஆண்கூட இல்லையே, ஏன்?"

எனக்குத் தெரியும். மழை விட்டதும் ஆண், பெண்ணின் முதுகில் ஏறிச் சோடியாக ஊரும்; ஆண் பெரும்பாலும் அப்படித்தான் கண்ணில் படும். அப்படி ஒன்றை நான் எடுக்கப்போனபோது கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "சோடியப் பிரிக்கக் கூடாதுங்க, பாவமுங்க. தனியாப் போறத எடுங்க." புட்டிக்குள் வந்து சேர்ந்தவை எல்லாம் பெண்களும் குஞ்சுகளுமே.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எருமப்பட்டிக்குப் போவேன். உங்கள் மனைவி கொடுத்த இழைக் கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கிறது. சோடியை நானும் பிரிக்க மாட்டேன். தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருந்து ஆணை எடுத்து அனுப்புவேன். தைக்குள் பதில் சொல்வதாக ஆய்வாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். புது இனமானால் பாவாயி பெயரை வைக்கவும் சம்மதித்திருக்கிறார்.

அப்படி வந்தால், அந்தப் பெயர் இருபது வளையத்துக்கு மட்டுமல்ல, பத்தொன்பதோடு நின்றுபோனவற்றுக்கும்தான். இரண்டும் ஒரே இனம்.