தனுஜாதான் வாசிப்பாள்

அன்புள்ள அஞ்சலைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மனம் துள்ளுகிறது. உன் முழங்கால் வலி தேவலையா? தேயிலைத் தொழிற்சாலைக் காவலில் நான் சுகம். கேமரன் மலையில் குளிர் கூடிவிட்டது, என் கம்பளித் தொப்பியை அனுப்பு.

பேத்தி தனுஜாவுக்கு எடை கூடிவிட்டது, சர்க்கரை நோய் வரலாம் என்று கிளினிக்கில் சொன்ன அன்று நான் போனில், "ஏய் குண்டு, சோத்தைக் குறைலா" என்று சிரித்தேன். மூன்று மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. "ஏங்க, கதவைச் சாத்திக்கிட்டு பிஸ்கட்டா திங்கிறா" என்று நீ அழுதாய். எனக்கு வேலையே ஓடவில்லை.

அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம். டீயில் ஊற்றும் இனிப்பு டின்பாலை நீயும் விட்டுவிடு. சாயங்காலம் இருவரும் கடைக்கு நடந்தே போங்கள்.

உனக்குப் படிக்கத் தெரியாது. இதைத் தனுஜாதான் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகவே என்னோடு காவல் பார்க்கும் அம்புரோஸிடம் எழுதக் கற்றேன்.

தனுஜாம்மா, தாத்தா பேசியது தப்பு. இனி அந்தப் பேர் என் வாயில் வராது. போனுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன்.

உன் தாத்தா,
சின்னையா