மூன்றாவது போர்ட்

நவம்பர் 14, வியாழன்

பாலாவி பேக்கரியில் நான் மாட்டிய மூன்றாவது போர்டும் பழுதாகிவிட்டது. கேஸ் அடுப்புக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்சுற்றுப் பலகை அது. இன்று பொறி பிந்தி வந்ததில், தேங்கியிருந்த கேஸ் குபீரென்று பற்றி, பாண் போடும் நியாஸ் நானாவின் புருவம் கருகிவிட்டது. முதலாளி ஹாஜியார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போடுற சாமான் எல்லாம் டுப்ளிகேட், தம்பி" என்றார்.

அடுப்போடு ஒட்டிய போர்ட் பெட்டியைத் திறந்தேன். போர்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பெட்டியின் மேல் ஒரு உப்புச் சாக்கு, அடியில் ஈரம் கசிந்தபடி. நான் வருகிறேன் என்றால் இறக்கித் துடைத்து வைப்பார்களாம். இன்று அவசரத்தில் மறந்துவிட்டார்கள்.

"ஆரு இத இங்க வெச்ச?"

"நான்தான். மழைக்கு உப்பு கசியுது. சூட்டுல வெச்சாத்தானே காஞ்சி ஈக்கும்?"

"அந்தத் தண்ணி எங்க போற, ஹாஜியார்?"

"நீங்க போர்டப் போடுங்க."

சாக்கு இறங்கும்வரை தொடமாட்டேன் என்றேன். கடைசியில் நியாஸ் நானாதான், புருவமில்லாத முகத்தோடு இறக்கினார்.

வீட்டில் சாப்பிடும்போது உப்புக் கேட்டேன். மனைவி எழுந்துபோய், இளஞ்சூடாக இருக்கும் இன்டர்நெட் ரவுட்டரின் மேலிருந்து, அடி ஈரமான உப்புப் போத்தலை எடுத்து வந்தாள்.

பழுதான ரவுட்டரைத் தலையில் கட்டிவிட்டாய் என்று போன கிழமைதான் கம்பனிப் பையனை ஏசி அனுப்பினேன்.