பின் இருக்கையில் தெரிந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவரைப் பிரித்ததும் பதற வேண்டாம். முட்டிவலி படியேறும்போது மட்டும் என்னைக் கூப்பிடும். மற்ற நேரத்தில் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிருக்குக் கனமான காலுறை போடுகிறாயா என்று எழுது. செருப்புக் கடையில் ஆயுசைக் கழித்தவனுக்கு மகளின் காலைத் தாண்டிக் கவலை போவதில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் வண்டி என்று வாயெடுத்தாலே 'சிக்னல் சரியில்லப்பா' என்று வைத்துவிடுகிறாய். என் முட்டிவலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிக்னல் பிரமாதமாக இருக்கிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதியில் மடித்துப் போட்டாலும் விட்ட இடத்திலேயே கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'அம்மா போன அந்த வண்டி வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்' என்றாய். நானும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. அந்தப் பழைய பைக் முன்னறையில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு இரண்டு புதுச் சக்கரமும் புதுப் பிரேக்கும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

கொடுக்க முயலவே இல்லை என்று நினைக்காதே. பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொன்னேன். அவர் நெளிந்த முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டினார். 'இதப் போயி யாராவது உடைப்பாங்களா சார்? இந்தக் காலத்து வண்டிக்கு ஆளுங்க நாயா அலையிறாங்க. நிமித்தி, பெயின்ட் அடிச்சு விட்டா அப்படியே ஓடிடும்' என்றார். எனக்கு வேறு தோன்றியது. அதே பிரேக்கோடு, தட்டி நிமிர்த்திய சக்கரத்தோடு, இன்னொரு வீட்டுப் பெண் அவள் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த மலைப்பாதையில் இறங்குவாள். யோசித்துச் சொல்கிறேன் என்று டீ கொடுத்து அனுப்பினேன். டீ நான் போட்டது. அதனால்தானோ என்னவோ அவர் திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகுதான் தெருக்கோடி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமே, எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் படுக்கவைத்துவிட்டு 'அப்சர்வேஷன்ல இருக்கட்டும்' என்பாரே, ஊரே டாக்டர் என்று கூப்பிடுமே, அவர்தான். வந்து, ஒரு பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்து, பெரிதாக உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். சாவியை அணைக்க மறந்துவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாயும் நேரம், முன்னறை விளக்கைப் போடப் போனேன். உன் அம்மா போனதிலிருந்து அந்த வண்டியைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தாண்டுவேன். மேலே போர்த்திய துணி மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மின்விசிறிக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மின்விசிறி ஓடாத நாட்களுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்து வைக்கவில்லை. அன்றைக்குத் துணிக்குள்ளே, பின்பக்கமாக, சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது. பிரேக் விளக்கு. யாரோ உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வீரமாகத்தான் இருந்தேன் என்று எழுத ஆசை. குடையை எடுத்துக்கொண்டு 'யாரு?' என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவேளை உன் அம்மா பதில் சொல்லிவிட்டால் என்ன பேசுவது என்றுகூட யோசித்தேன். விளக்குப் போடாமல் இருட்டில் என்ன பண்றீங்க என்றுதான் கேட்டிருப்பாள். குடை நுனியால் துணியை இழுத்தேன். யாரும் இல்லை. கால் வைக்கிற பிரேக் கட்டை மட்டும் தானாகக் கீழே அமுங்கிக் கிடந்தது. கையால் தூக்கிவிட்டேன். விளக்கு அணைந்தது. கையை எடுத்தேன். மெதுவாகத் திரும்பக் கீழே போனது. மறுபடி சிவப்பு.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, 'கீழ விழுந்ததுல வளைஞ்சு மாட்டியிருக்கும்ணே, அதான் மேல ஏற மாட்டேங்குது' என்றார். எனக்கு வண்டியில் ஹாரன் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கால் தெரியும். எந்தப் பக்கம் அழுத்தினால் எது எப்படி வளையும் என்று தெரியும். விழுந்து அடிபட்டிருந்தால் அது வண்டிப் பக்கமாக உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இது நேர் கீழே வளைந்திருந்தது. மேலேயிருந்து யாரோ முழு பலத்தோடு மிதித்த மாதிரி.

கண்ணு, ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டு உன் காலணிகளைக் கொடுத்தார்கள். எறிய மனம் வராமல் அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வந்தேன். இடது காலணியின் அடியில், விரல்களுக்குக் கொஞ்சம் பின்னால், வரிசையாகப் பல் பதிந்த குழிகள். தேய்மானத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், அதை வைத்துத்தானே இத்தனை வருஷம் சோறு தின்றேன். அது தேய்மானம் இல்லை. ரப்பரைக் கடித்துக் குதறிய மாதிரி ஆழமாக இருந்தது. நம் வண்டிக்கு இடது காலில்தானே பிரேக். காலணியை அந்தக் கட்டை மேல் வைத்தேன். கட்டையின் ஒவ்வொரு பல்லும் அதனதன் குழியில் போய் உட்கார்ந்தது.

டாக்டரிடம் அப்போதே சக்கரங்களைக் கழற்றச் சொன்னேன். பின்சக்கரத்தின் நடுவில் பிரேக்கை மூடியிருக்கிற டிரம்மைத் திறந்ததும் கருகின வாடை வந்தது, இத்தனை நாளுக்குப் பிறகும். உள்ளே இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. டிரம்மைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கைப்பிரேக் பிடிக்கிற முன்சக்கரத்திலும் அப்படியே. டாக்டர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: 'ரெண்டு பேரு, அவ்ளோ நீள எறக்கம், இத்துனூண்டு டிரம்மு. மிதிக்க மிதிக்கச் சூடேறிக் காயும். காய்ஞ்சா பிடிக்காது. பாப்பா மேலயிருந்து கீழ வரைக்கும் மிதிச்சுக்கிட்டேதான்ணே வந்திருக்கு. மிதிக்கலேன்னா இப்படி எரியாது.'

உன் சித்தி துக்கத்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, 'பிரேக்க விட்டுட்டு ஹாரன அமுக்கிட்டு இருந்திருப்பா' என்றாள். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை என்னிடம், 'மிதிச்சேனா இல்லையான்னு ஞாபகமே வர மாட்டேங்குதுப்பா' என்றாய். நான் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். தூங்கும்மா என்றேன். நீ ஊரை விட்டே போய்விட்டாய்.

இப்போது வேலை நடந்த கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார். டிஸ்க் பிரேக் மாட்ட வேண்டுமானால் பழைய சக்கரம் உதவாதாம், நடுப்பாகமே வேறாம். முதலில் அவர் பந்தாவாக வாங்கி வந்த சக்கரம் பெரிய அளவு. மட்கார்டுக்குள் நுழையவே இல்லை. 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்றார். கடைக்குக் கொண்டுபோன துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்தில்தான் அளவு இருந்தது. நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், நானும் ஆள் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் செருப்பு எடுத்துக் கொடுத்தவன்தானே. சரியான சக்கரம் வந்த பிறகு கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுத்தார். சுற்றிவிட்டால் துளி ஆடாமல் சுற்றுகிறது. கைப்பிரேக்கைத் தொட்டால் டிஸ்க் தட்டைக் கவ்வி அந்த இடத்திலேயே நிற்கிறது.

பிறகுதான் சோதனை. 'ஒத்த ஆளா ஓட்டிப் பாத்தா பிரயோஜனம் இல்ல. பின்னாடி வெயிட்டு வேணும். ஏறுங்கண்ணே' என்றார். உனக்குத் தெரியும், நம் வீட்டில் வண்டி ஓட்டுவது உங்கள் இருவருக்கும், மூட்டையாக உட்காருவது எனக்கும் என்று பிரித்துக்கொண்டவர்கள் நாம். அம்மா போன அன்றைக்கு மூன்று பேர் ஏற முடியாது என்றுதான் மூட்டை பஸ்ஸில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தேன். நீங்கள் விழுந்த அந்த வளைவில் பஸ் நின்றபோதுதான் கண் விழித்தேன்.

எங்கே போகலாம் என்று டாக்டர் கேட்டார். மலைப்பாதைக்கு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மேலே ஏறி, வண்டியைத் திருப்பி, இறங்க ஆரம்பித்தோம். உன் அம்மா உட்கார்ந்த இடத்தில் நான். வேகத்தில் மூக்குக் கண்ணாடி பறந்துவிடும் போலிருந்ததால் கழற்றி வலது கையில் வைத்துக்கொண்டேன். இடது கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எதிரே எல்லாம் கலங்கலாக வந்தது. வளைவில் கட்டியிருக்கிற புதுச் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போது ஒன்று தெரிந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும். அவர் பிரேக் போட்டது முதலில் என் கைக்குத்தான் தெரிந்தது. வண்டி அடங்குவதற்கு முன்பே அவர் இடுப்பு இறுகியது. தொடை, முதுகு, தோள் எல்லாம் கீழே அழுந்தின. பிரேக்கை மிதிக்க ஒரு கால் போதாது, முழு உடம்பும் மிதிக்கிறது. பின்னால் கட்டிப்பிடித்திருக்கிறவருக்கு அது அவர் கைக்குள்ளேயே நடக்கிறது. உன் அம்மா உன்னை எப்படிப் பிடித்துக்கொண்டு உட்காருவாள் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பாதை முழுக்க நீ மிதித்தது அவள் கைக்குத் தெரிந்திருக்கும். பயந்திருப்பாள், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் விட்டுவிட்டாள் என்று ஒரு கணம்கூட நினைத்திருக்க மாட்டாள்.

வண்டி வளைவுக்கு முன்னாலேயே நின்றது. டாக்டர் இறங்கி, சட்டையைத் தூக்கி இடுப்பைத் தடவிக்கொண்டே, 'என்னண்ணே, ரெண்டு கையாலயும் இப்படி இறுக்கிட்டீங்க? விரல் பதிஞ்சு போச்சு பாருங்க' என்றார். மூக்குக் கண்ணாடி என் வலது கையில்தான் இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பயத்தில் யாருக்கு எத்தனை கை என்று யார் கண்டது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது நான் கொஞ்சம் பின்னால் தள்ளி, நடுவில் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டேன். அவரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

சித்தியைக் கூப்பிட்டு எரிந்த டிரம்மைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். விரலெல்லாம் கரி. உன் நம்பரைக் கேட்டாள். கொடுக்கட்டுமா என்று நீ சொல்.

இனி உன் இஷ்டம். வண்டி வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். இப்போது யார் ஓட்டினாலும் நிற்கும், என் மனசு அடித்துக்கொள்ளாது. அது இந்த வீட்டில் இருக்க வேண்டிய காரியம் முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு. நீ மிதித்தாய், கண்ணு. இரும்பு வளைகிற அளவுக்கு மிதித்தாய். ஒரு தடவை வந்துவிட்டுப் போம்மா.

என்றும் உன் நினைவில்,
அப்பா