மூன்றாவது துண்டின் பூட்டு

அண்ணை,

நேற்றுக் காலை லண்டனின் மிட்சம் பகுதியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். கைத்தடியோடு ஒரு வயதான பெண் ஏறுவதற்காக ஓட்டுநர் வண்டியை நடைபாதைப் பக்கம் தாழ்த்தினார். உஸ்ஸென்று காற்று இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் ஓரடி முன்னே நகர்ந்தார்கள். நான் மட்டும் பின்னால் போய், கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். மேலே ஒன்றுமில்லை. நான் சுதாரிப்பதற்குள் பேருந்து போய்விட்டது.

நாம் வேலை செய்த பட்டறை அந்த நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. நான் அங்கிருந்து விலகிவிட்டேன். ஆனால் அந்தக் காற்றுச் சத்தம் எங்கே கேட்டாலும் உடம்பு அங்கேதான் போய் நிற்கிறது.

நம் வேலை என்னவென்று ஊரில் அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். குழாய்க்குள் குழாயாக அடங்கியிருக்கும் கம்பம். காற்றை அடைத்தால் ஒவ்வொரு துண்டாக எழும்பி மூன்று மாடி உயரத்துக்குப் போகும். வேனின் கூரையில் பொருத்தி, உச்சியில் விளக்கோ கேமராவோ வைப்பார்கள். அதை நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கி, குளிரில் வைத்து, பக்கவாட்டில் இழுத்து, எப்போது கெடும் என்று பார்ப்பதுதான் நம் வேலை. "அப்ப கெடுக்கறதுக்கா சம்பளம் தர்றான்?" என்று திருச்சியிலிருந்து அம்மா கேட்டதை உங்களிடம் சொன்னபோது, மைக்ரோவேவில் புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

காகிதத்தில் நான் உங்களுக்கு மேலே. நான் சோதனைப் பொறியாளர், நீங்கள் டெக்னீஷியன். வயதில் நீங்கள் பதினைந்து வருடம் மூத்தவர். பெட்ரோல் நிலையத்தில் பல வருடம் நின்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். செவன் கிங்ஸில் இருந்த வீட்டிலிருந்து லண்டனையே குறுக்கே கடந்து, ரயிலும் டிராமும் மாறி, எனக்கு முன்னால் வந்து நிற்பீர்கள். ஏற்றங்களை எண்ண இயந்திரம் இருந்தும் பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணுவீர்கள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மெசின் எண்ணும் தங்கச்சி, பாக்காது" என்றீர்கள்.

அந்த வாரம் குளிர் அறையில் புதிய மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தோம். முந்நூறு ஏற்றங்களைத் தாண்டியபின், முழு உயரத்தில் நின்ற கம்பத்தின் மூன்றாவது துண்டு திடீரென்று ஒரு சாண் அளவு கீழே இறங்கி இடித்து நின்றது. அறைக்கு வெளியே இருந்த எனக்கே அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது. ஒவ்வொரு துண்டும் எழும்பி முடிந்ததும் ஒரு பூட்டு விழுந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்ததாகக் கருவி காட்டியது. பிடிக்கவில்லை.

மறுபடி ஓட்டினோம். சரியாகப் பிடித்தது. அன்று முழுவதும், மறுநாள் முழுவதும் ஓட்டினோம். சரியாகவே பிடித்தது.

"காத்து அழுத்தம் குறைஞ்சிருக்கும் அண்ணை" என்றேன்.

"காத்துக் குறைஞ்சா மெல்லமா இறங்கும். இது விழுந்தது தங்கச்சி. பூட்டு விட்டிட்டுது."

"அதுக்கப்புறம் வரவே இல்லையே?"

"வராததாலதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

விதிப்படி சோதனையை நிறுத்தி, கம்பத்தைப் பிரித்துப் பார்த்து, ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம் போகும். வாங்குபவரின் வேன்கள் காத்திருந்தன. யாரும் என்னை மிரட்டவில்லை அண்ணை. மேலாளர்கூட "எப்போது முடியும்" என்று மட்டுந்தான் கேட்டார். "வெள்ளிக்கிழமை" என்று சொல்லவேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், சோதனை அமைப்பில் காற்றுக் குறைவு என்று எழுதினேன். இரண்டாவது கையெழுத்து உங்களுடையது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்தீர்கள்.

"நீங்கள் சொன்னால் வைக்கிறன். ஆனா எனக்கு மனம் ஒப்பேல்லை."

வைத்தீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. வடிவமைப்புப் பிரிவுக்காரர்களைச் சாப்பாட்டு அறையில் கண்டால்கூட அந்தப் பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நச்சரிப்புத் தாங்காமல்தான் சில மாதங்களில் பூட்டை மாற்றினார்கள். ஏற்கெனவே விற்ற வேன்களுக்கும் ஒவ்வொன்றாகப் புதுப் பூட்டுப் போடுவதாக முடிவானது. எந்த வேனுக்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்ற பட்டியல் என் கணினியில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வேனில் கேமரா கேபிள் அறுந்துவிட்டதென்று உங்களை அனுப்பினார்கள். ஆற்றோரம் ஒரு லாரிக் கொட்டகை. காலை பத்து மணியளவில் என்னைக் கூப்பிட்டீர்கள். மழை இரைச்சல் கேட்டது.

"தங்கச்சி, இது பழைய பூட்டோ புதுசோ? பழசெண்டால் நான் ஏறமாட்டன். வேனை அங்கை கொண்டுவரச் சொல்லுவம்."

நான் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பட்டியலைத் திறக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். திறக்கவில்லை. அந்த வாடிக்கையாளருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று என் மனதில் இருந்தது.

"புதுசு போட்டாச்சு அண்ணை. பயப்படாதீங்க."

"அப்ப சரி. பின்னேரம் வாறன்."

கம்பத்தை முழு உயரத்துக்கு ஏற்றி, பூட்டுகளை நம்பி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, வேன் கூரையில் ஏறி, கம்பத்தோடு ஒட்டி நின்று செய்யவேண்டிய வேலை அது. மூன்றாவது துண்டு விட்டது. உச்சியில் இருந்த கேமராவோடு எல்லாம் உங்கள் மேல் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நான் வந்தேன். அக்கா, உங்கள் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பற்றி வீட்டிலை எந்தநாளும் கதைப்பார்" என்றார். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

பட்டியலை விபத்து நடந்த அன்றே பார்த்துவிட்டேன். அந்த வேனுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

நிறுவனம் நடத்திய விசாரணையில், அன்று காலை நாம் என்ன பேசினோம் என்று கேட்டார்கள். வழக்கமான வேலைப் பேச்சு என்றேன். கம்பத்துக்கு அடியில் போகுமுன் அவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார்கள். எழுதியதை நான் வாசித்தேன். வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். உங்களுடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், "அண்ணை எதிலும் கவனமான ஆள். அண்டைக்கு என்னத்தை யோசிச்சுக்கொண்டு நிண்டாரோ" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு இலை போட்டுத் தானே பரிமாறினார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றினார். நான் சாப்பிட்டேன் அண்ணை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மரண விசாரணை நீதிமன்றத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அக்கா இரண்டாவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். விசாரணை அதிகாரி தொலைபேசிப் பதிவைப் பார்த்துவிட்டு, அந்த அழைப்பு எதைப் பற்றியது என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

பழைய பதிலையே சொல்லலாம் என்றுதான் உள்ளே போயிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். நான் பயந்து நிற்பதாக நினைத்துத் தைரியம் சொல்கிறார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. குளிர் அறையில் கேட்ட சத்தத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு பழசா புதுசா என்று அவர் கேட்டார், நான் பட்டியலைப் பார்க்காமல் சொன்னேன், அவர் என் பேச்சை நம்பி ஏறினார் என்று சொன்னேன்.

ஆங்கிலத்தில் நான் சொல்லி முடித்துவிட்டேன். அக்காவுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. மொழிபெயர்ப்பாளர் குனிந்து அவர் காதில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சில விநாடிகளும் அக்காவின் முகம் என்னிடம் பரிவாகவே இருந்தது. பிறகு மாறியது.

வெளியே நடைக்கூடத்தில் அவரே என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தாலும் நின்றிருப்பேன்.

"கவனயீனமா நிண்டு செத்ததெண்டு எல்லாரும் சொன்னவை. என்ரை சொந்தங்களும் சொன்னவை. நானும் இவ்வளவு நாளும் அந்த மனுசனைத்தான் மனசுக்குள்ளை ஏசிக்கொண்டிருந்தன். ஏன் பாக்காமல் ஏறினீங்கள், ஏன் பாக்காமல் ஏறினீங்களெண்டு."

என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவர் கேட்டவர். கேட்டிட்டுத்தான் ஏறினவர்."

"ஆமா அக்கா."

"இதைச் சொன்னதுக்கு நன்றி." பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இனி எங்கடை வீட்டுப் பக்கம் வராதேங்கோ."

வரவில்லை அண்ணை. அடுத்த திவசத்துக்கு எனக்குச் சொல்லவில்லை; சொல்லாததுதான் சரி. வேலையை விட்டேன். சில மாதங்கள் சும்மா இருந்தேன். இப்போது வேறோரிடத்தில், வேறு இயந்திரங்களுக்கு அதே சோதனைதான் செய்கிறேன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

போன வாரம் ஒரு டெக்னீஷியன் வெளியிடத்திலிருந்து கூப்பிட்டு, ஒரு பாகம் மாற்றியாயிற்றா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நன்றாகத் தெரியும். "பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கிட்டப் போகாதீங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பதிவேட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். சந்தேகம் தீராமல், மாற்றிய ஆளையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். இருபது நிமிடம். முதலிலேயே நான் நினைத்திருந்த பதில்தான்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். இதற்கா என்னை மழையில் நிற்கவைத்தாய் என்று அவர் திட்டினார். திட்டி முடிக்கும்வரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.