தண்ணி அள்ளுது

மேலகரம்
வியாழக்கிழமை

அன்பு மகன் சுடலைராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே சாரல் நின்றபாடில்லை, துவைத்த துணி எதுவும் காயவில்லை, மற்றபடி நான் சுகம், கடையத்தில் உன் தங்கை அனுசியாவும் பிள்ளையும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஏசிக் காற்று நேராக மூக்கில் படாமல் படுத்து, உடம்பு நோகாமல் இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றி நீ கேட்கும்போது சொல்லலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் அதில் பாதியை நறுக்கி, பின்னால் பாட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது ராசா, காகிதத்தை அப்படி நறுக்க முடியாது பார். உன்னோடு சார்ஜாவில் ஒரே அறையில் இருக்கிற கடையநல்லூர் ஆசிப் லீவு முடிந்து நாளைக்குக் காலையில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். நம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவனை இருக்கச் சொல்லிவிட்டு அவசர அவசரமாக இதை எழுதுகிறேன். எள்ளுப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து விடுகிறேன், ஊறுகாயில் அவனுக்கும் பங்கு கொடு, கடிதத்தை மட்டும் நீயே தனியாக இருந்து படி.

நம் செல்வி மெஸ்ஸுக்கு நீ இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினதை நான் குறை சொல்ல வரவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வண்டியெல்லாம் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறது, நம் பலகை வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது என்று அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீதான் கண்டுபிடித்தாய். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் படம் போட்ட பிறகு மதுரைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்காருகிறார். வருவதற்கு வழி போட்டாய், வெள்ளிக்கிழமை அசைவம் கிடையாது என்று போட்டாய், அதெல்லாம் வருகிறவர்களுக்கு உபகாரம். ஆனால் ‘குற்றாலத்திலேயே நம்பர் ஒன்’ என்று எதற்குப் போட வேண்டும்? பக்கத்து ஓட்டல் காந்திமதிநாதன் அண்ணாச்சி, நமக்கு கேஸ் தீர்ந்தால் தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து தருகிற மனுஷர், இப்போது என்னைக் கண்டால் வானத்தைப் பார்க்கிறார். அப்பா சமாதானம் பேசப் போனதற்கு, ‘நம்பர் ஒன்னு நீங்க, ரெண்டு யாருன்னும் சொல்லிட்டா நான் என் போர்டுல எழுதிக்கிடுதேன்’ என்றாராம். அப்புறம், சோறு குழைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினதற்கு நீ அங்கிருந்தே மல்லுக்கு நின்றாயாமே. அன்றைக்குச் சோறு குழைந்துதான் போயிற்று, அனுசியாவோடு போனில் பேசிக்கொண்டே வடிக்க மறந்துவிட்டேன். ‘ஆமாம் ஐயா, பிசகிவிட்டது, இன்னொரு நாள் வாங்க’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவரும் வந்திருப்பார், படித்தவர்களும் பரவாயில்லையே என்று நினைத்திருப்பார்கள். அப்பா எடுத்து அனுப்புகிற வீடியோவில் சாப்பிடுகிறவர் முகத்தை அவரைக் கேட்காமல் காட்டாதே. காய்ச்சல் என்று ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்த ஒருவர் நாட்டுக்கோழி கடிப்பதை அவருடைய அதிகாரி பார்த்துவிட்டாராம், இனி அவர் நம் வாசலை மிதிப்பாரா?

இதெல்லாம் சில்லறைச் சங்கதி, பேசித் தீர்த்துவிடலாம். எனக்குத் தூக்கம் போனது அந்த அருவி வீடியோவால். போன வாரம் நான் உனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன், அதிலிருந்து ‘ஐந்தருவியில தண்ணி அள்ளுதுலே’ என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, போன வருஷத்து அருவி வீடியோவுக்கு மேலே போட்டு, ‘அம்மாவே சொல்லிட்டாங்க, குடும்பத்தோட வாங்க, குளிச்சுட்டு செல்வி மெஸ்ல சாப்பிடுங்க’ என்று எழுதி விட்டுவிட்டாய். பக்கத்திலே நெருப்புப் படம் வேறு, தண்ணீருக்கு எதற்கு நெருப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் பேச்சில் அள்ளுது என்றால் பிரமாதம் என்று அர்த்தம் என்பது எனக்கும் தெரியும், நான் அனுப்பின கோழிக்குழம்பு படத்துக்கு ‘சும்மா அள்ளுதும்மா’ என்று நீ பதில் போட்டபோது யார் வந்து அள்ளினது என்று அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தவள் நான். ஆனால் இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு, தண்ணி அள்ளுது என்று அருவிக்கரையில் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லித் தர வேண்டுமா? ஆளை அள்ளுகிறது என்று அர்த்தம், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறு என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே கயிறு கட்டி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் உன் வீடியோ ஊர் ஊராகச் சுற்றி எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறது.

எனக்கு இது தெரிந்தது எப்படி என்றால், திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தாள், விருதுநகர்ப் பக்கம், உன் தங்கை வயசு இருக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைக்குக் கஞ்சி வேண்டும் என்று தூக்குச்சட்டியோடு நின்றாள். உள்ளே பார்த்து உப்புப் போடாமல் எடுத்து வை என்று நான் சத்தம் கொடுத்தேன், அவ்வளவுதான், அவள் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள், பிறகு போனை எடுத்து உன் வீடியோவைப் போட்டாள். என் சத்தத்தை நானே அப்போதுதான் வெளியில் நின்று கேட்டேன். ‘இது நீங்கதானம்மா? உங்க சத்தத்த நம்பித்தான் பிள்ளைய கூட்டிட்டு வந்தோம்’ என்றாள். ஏசவில்லை, கையை நீட்டவில்லை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார்கள், எந்த அருவியிலும் குளிக்க விடவில்லை, பிள்ளைகள் அழுதிருக்கின்றன, யாரோ ஒருத்தர் மேலே ஓடை இருக்கிறது, அங்கே கேட்பாரில்லை என்று வழி காட்டியிருக்கிறார். போன இடத்தில் சின்னவளுக்குக் கால் வழுக்கிவிட்டது, எல்கேஜி படிக்கிற பிள்ளை, தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, தாய்மாமன் பாய்ந்து பாவாடையைப் பிடித்ததால் உயிர் தப்பியது, கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். கஞ்சியை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் நானே கஞ்சி கொண்டு போனேன். நான் வாயைத் திறந்து பெயர் கேட்டதும் அந்தப் பிள்ளை தாயிடம் ‘அள்ளுது பாட்டி’ என்று சொன்னது. காரில் வருகிற வழியெல்லாம் அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டு, பாட்டு மாதிரி எல்லாருமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்களாம்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு வீடியோவை எடுத்துவிடு என்றேன். நீயும் பதறத்தான் செய்தாய், பிள்ளைக்கு எப்படியிருக்கு என்று கேட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ‘மூணு லட்சம் பேரு பாத்துருக்காங்கம்மா, இப்ப எடுத்தா பேஜே விழுந்துரும், நாமளா ஓடைக்குப் போகச் சொன்னோம்? கீழ ஒரு வரி போட்டுருதேன்’ என்றாய். போட்டாய், ஆசிப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், அந்த வரி உள்ளே ஒளிந்து கிடக்கிறது, விரலால் தட்டினால்தான் வெளியே வருகிறது. மேலே என் சத்தம் மட்டும் தட்டாமலே கேட்கிறது. ஓடைக்குப் போகச் சொன்னது நாம் இல்லை, வாஸ்தவம், ஆனால் ஊருக்கு வரச் சொன்னது நாம்தானே. நாளை மறுநாள் சனிக்கிழமை, மழை விட்டபாடில்லை, கார் காராக வந்து இறங்குவார்கள், மெஸ் வாசலில் ஒவ்வொரு கார் நிற்கும்போதும் இவர்கள் எதை நம்பி வந்தார்கள், கூட எத்தனை பிள்ளைகள் என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன். சாப்பாடு போடுகிறவளுக்கு ஆட்கள் வருவதைக் கண்டு பயம் வந்தால் அது என்ன வியாபாரம்? விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை ராசா. தினமும் காலையில் அப்பா பால் வாங்கப் போகும்போது அருவிப்பக்கம் விசாரித்து வந்து சொல்வார், நான் ஸ்டேட்டஸில் வைப்பேன், இன்றைக்குத் தண்ணீர் குறைவு, இன்றைக்குக் குளிக்க விடவில்லை, சாப்பாடு உண்டு, இப்படி. இதைப் போட்டால் யார் வருவார்கள் என்று நீ சிரித்தாய். அதைப் பார்த்துத்தான் ராஜபாளையத்துக்காரர்கள் புறப்படுவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மிடம்தான் சாப்பிடுகிறார்கள். அதை உன் பக்கத்தில் போடு, படமும் பாட்டும் உன் இஷ்டம்.

இனி அப்பாவைப் பற்றி. நீ கேட்பாய் கேட்பாய் என்று இந்த ஒரு வாரமும் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் உனக்குப் பேசி அனுப்பினது ஒரு வரி இல்லை. ஐந்தருவிக் கடைக்காரர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போன அப்பா பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை, தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், போன் அடித்து அடித்து நிற்கிறது. எனக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை, உன்னிடம்தான் சொன்னேன். ‘ஏலே ராசா, ஐந்தருவியில தண்ணி அள்ளுதுலே, சோறு கொண்டு போன அப்பாவ இன்னும் காணல, போன் போட்டா எடுக்கல, நீயும் ஒருக்கா போட்டுப் பாரேன்’ என்று. அதற்கு நீ கட்டைவிரல் படம் ஒன்றும் ‘சூப்பர்மா’ என்றும் அனுப்பினாய். நானும் அதை வைத்துக்கொண்டு, பிள்ளை அப்பாவிடம் பேசிவிட்டான் போல, அதான் சூப்பர் என்கிறான் என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். விளக்கு வைத்த பிறகு அப்பா நனைந்து நடுங்கிக்கொண்டு நடந்து வந்தார், வண்டியைத் தண்ணீர் தட்டிவிட்டதில் ஒரு கடைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், முழங்கால் வீங்கி இன்னும் நொண்டுகிறார். ‘தூர இருக்க பிள்ள, சொல்லாதட்டி, பயந்துருவான்’ என்றார், நானும் சொல்லவில்லை. நீ வேலை அவசரத்தில் முதல் வரியைக் கேட்டதும் நல்ல வரி கிடைத்தது என்று மீதியைக் கேட்காமல் விட்டிருப்பாய், வேண்டுமென்று செய்யமாட்டாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் வலிக்கத்தான் செய்தது. அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன், நெருப்புப் படத்தையும் எழுத்தையும் அவர் பார்க்கவே இல்லை, ‘இது எனக்காவ பதறுன சத்தம்லா’ என்றார். மூன்று லட்சம் பேர் கேட்டதில் அவர் ஒருத்தர் காதில்தான் அது விழுந்திருக்கிறது.

கோபத்தில் எழுதினதாக நினைக்காதே, பயத்தில் எழுதினது. நீ கை வைத்த காரியமெல்லாம் துலங்கட்டும், உன் பக்கம் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று வளரும், நாலு பேர் வயிறும் மனசும் குளிர்ந்து உன்னை வாழ்த்தட்டும், உனக்கு ஒரு குறையும் வராது. காற்று மாறுகிற நேரம், தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு. இது உன் கைக்கு வருகிற வெள்ளிக்கிழமையே வீடியோவை எடுத்துவிடு, சனிக்கிழமை விடியக் கூடாது. எடுப்பதற்கு முன்னால், நான் பேசி அனுப்பினது உன் போனில் இன்னும் இருக்கும், கடைசிவரை ஒரே ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் போடு ராசா, இப்போது எடுப்பார்.

இப்படிக்கு,
உன் சத்தத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா முத்துச்செல்வி