எழுந்துட்டேன் என்றால் இரண்டு அர்த்தம்

இன்று காலை என் மகளை எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்து "எழுந்துட்டேன்மா" என்றாள். உடம்பு மட்டும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நீயும் நினைவுக்கு வந்துவிட்டாய்.

குமணன்சாவடியில் ஆபீஸ் வேனுக்காக நிற்போமே, அங்கேதான் இதை எனக்கு விளக்கினாய். நான் அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்த புதிது. அம்பத்தூரில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். கரையான்சாவடிக்காரியான உனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. நானோ ஒவ்வொரு சொல்லையும் தமிழில் போட்டுப் பார்த்துத்தான் வாய் திறப்பேன். வேக் அப், கெட் அப் இரண்டுமே எனக்கு 'எழுந்திரு'தான்.

"எங்கம்மா காலைல 'எழுந்துட்டியா'ன்னு கத்தும். நான் படுத்துகினே 'எழுந்துட்டேன்'னுவேன். அது வேக் அப். அப்புறம் தொடப்பத்த எடுத்துகினு வரும் பாரு, அப்ப நடக்குறது கெட் அப்."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

ஹியர், லிசன் குழப்பத்தை வேனுக்குள் தீர்த்தாய். "ஹாரன் சத்தம் உனுக்குக் கேக்குது. அது ஹியர். நான் சொல்றத நீ கேக்குற. அது லிசன். காது தொறந்துகீதுன்னா மட்டும் லிசன் ஆயிடாதுடி."

அந்தச் சமயத்தில் என் வேலை தொங்கலில் இருந்தது. வாடிக்கையாளர்கள் ஒன்று கேட்க, பதற்றத்தில் நான் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு அழைப்பு இப்படிப் போனால் வேலை நிரந்தரமாகாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பெரியவரின் அழைப்பு வந்தது. நமக்கு மதியம், அவர்களுக்குக் குளிர்கால விடியல். ஹீட்டர் ஓடவில்லை என்றார். பேச்சோடு பேச்சாக, மனைவி வேக் அப் ஆகிவிட்டாள், கெட் அப் மட்டும் ஆகவில்லை என்றார். குளிருக்குப் படுத்திருக்கிறார் என்று நான் விட்டிருக்கலாம். உன் அம்மாவின் துடைப்பம் ஞாபகம் வந்தது. எழுந்திருக்க மனமில்லையா, முடியவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, வாய் கோணியிருக்கிறது, ஒரு கை அசையவில்லை என்றார். உடனே இந்த போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றேன்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "ஹீட்டர் புகாரையே பதிவு பண்ணாம போனை கட் பண்ணியிருக்கீங்க. குடும்ப விஷயமெல்லாம் உங்களை யார் கேக்கச் சொன்னா?"

நீதான் எழுந்து வந்தாய். "சார், கோச்சிக்காதீங்க. ரெகார்டிங்க ஒரு வாட்டி போட்டுக் கேளுங்க. அந்தப் பெரியவர் இன்னா சொன்னார்னு கேட்டுட்டு, அப்பறமா திட்டுங்க."

அவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "ஹீட்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்துப் பெரியவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டு அழைத்தார். மனைவி பேசத் தொடங்கிவிட்டாளாம். என் வேலையும் நிலைத்தது. உன்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னபோது, "கேட்டது நீ. நான் இன்னாடி பண்ணேன்?" என்றாய். நீ பண்ணியது எனக்குத் தெரியும்.

போன வருடம் நோய் உன்னைப் படுக்கையில் தள்ளியது. பார்க்க வந்த நான் பயத்தில் ஓயாமல் பேசினேன்: புது மருந்து, நல்ல டாக்டர், சரியாகிவிடும். நீ என் கையைப் பிடித்தாய். "கம்முனு இருடி. நான் சொல்றத கொஞ்சம் கேளு." பிறகு, உன் அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொன்னாய். "பயமா கீதுடி. அம்மா ஒண்டியா ஆயிடும்."

நீ தூங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ போனபின் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச்சில் பூசை முடிந்து உன் அம்மா வீடு திரும்பும் நேரத்துக்குக் கரையான்சாவடிக்குப் போகிறேன். சிறுமியாக முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளை கவுனோடு நீ கொய்யா மரம் ஏறிய கதையைச் சொல்வார். வாரா வாரம் அதே கதைதான். ஒருநாள் கொய்யா மரம் முருங்கை மரமாகிவிடும். கவுன் கிழிந்த இடம் மாறும். நான் திருத்துவதில்லை. டீ ஆறிப்போகும். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.